துண்டு போட்ட பக்கம்

மாப்பிள்ளை,

இன்று காலை ஸ்டூடியோ கம்ப்யூட்டரைத் திறந்து கிராபிக்ஸ் கார்டில் அடைந்திருந்த தூசியை ஊதினேன். ஓடவிட்டதும் மிச்சத் தூசி சூடேறி ஒரு வாசனை வந்தது. கல்யாண வீடியோ எடிட் செய்கிற எவனுக்கும் தெரிந்த வாசனைதான். எனக்கு மட்டும் அது நீ. திண்டிவனத்தில் பஸ் ஏறி விழுப்புரம் வந்து, சாப்பிடக்கூட உட்காராமல் இந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றாயே, அந்த மதியம்.

நீ என் அக்கா மகன், வீட்டிலிருந்தபடியே கெர்னல் எழுதிய பிள்ளை. கம்ப்யூட்டருக்குள் யார் எங்கே உட்கார வேண்டும் என்று இடம் பிரித்துக் கொடுக்கிற நிரல்தான் கெர்னல். நான் எட்டாம் வகுப்பு தாண்டாதவன். ஆனாலும் இதை என்னைவிடத் தெளிவாகச் சொல்ல இந்த மாவட்டத்தில் ஆளில்லை.

அன்றைக்கு என் கையில் இருந்தது கோட்டக்குப்பத்து நிக்காஹ் வீடியோ. மணப்பெண்ணைப் பெற்ற அத்தாவுக்குத் துபாயில் வேலை, கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. மகளை மணக்கோலத்தில் அந்த வீடியோவில்தான் அவர் பார்க்க வேண்டும். நான் எடுத்தது சினிமாக்காரனே கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் போகிற மாதிரியான படம். ஆனால் கம்ப்யூட்டர் அதைச் சேர்த்துக் கொடுக்கும்போதெல்லாம், பெண் தலைநிமிர்கிற இடத்தில் முகம் முழுக்கப் பச்சைக் கட்டங்கள். அதற்குள்ளே, மயிலத்தில் நான் எடுத்த ஒரு காதுகுத்தின் மொட்டைத் தலை.

"அண்ணே, எம்புள்ள மூஞ்சி எங்கண்ணே? அந்த மொட்டை யாருண்ணே?" என்று நான் அனுப்பிய முதல் பிரதியைப் பார்த்துவிட்டுத் துபாயிலிருந்து போனில் கேட்டார் பாய். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. உனக்குப் போன் போட்டேன். மதியமே வந்து பெட்டிக்குள் தலையை விட்டாய்.

"பேஜ் நகருது மாமா" என்றாய்.

"ஆல்பமே இன்னும் ஒட்டலியேடா, எந்தப் பேஜு?"

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "மெமரிய பேஜு பேஜா பிரிச்சிருக்கும் மாமா. பஸ்ஸுல சீட்டு மாதிரி. பாய் பொண்ணு ஜன்னல் சீட்ல உக்காந்துகினு இருக்கு. கார்டு அதைப் பாத்து வரைஞ்சிகினு இருக்கும்போதே, கண்டக்டரு பொண்ணைப் பின்னாடி அனுப்பிட்டு அங்க மொட்டைய உக்கார வச்சிடறாரு. கார்டுக்குச் சேதி போகல. சீட்ல யாரு இருக்காங்களோ அவங்கள வரைஞ்சிடுது."

"யாருடா அந்தக் கண்டக்டரு?"

"கெர்னல்தான்."

"அப்ப ஜல்தியா ஒரு துண்டைப் போடுடா சீட்ல!"

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய். "அதேதான் மாமா. அந்த பேஜை லாக் பண்ணணும்."

"பஸ்ஸு பூரா போட்டுடு, பேஜாரே இல்ல."

"மத்தவங்க எங்க உக்காருவாங்க? மெஷினே நின்னுடும். கார்டு முடிச்சதும் துண்டை எடுத்துடணும். எப்ப எடுக்கறதுன்றதுலதான் வேலையே இருக்கு."

அந்த எடுக்கிற வேலையிலேயே பொழுது சாய்ந்தது. நான் சொல்லச் சொல்ல நீ டைப் அடித்தாய் என்றுதான் ஊரில் சொல்லிவைத்தேன். நீயும் ஒருநாள்கூட மறுத்ததில்லை. "ஆமா, மாமாதான் சொன்னாரு" என்று என் பொய்க்கு முட்டுக் கொடுத்தாய்.

வீடியோ போய்ச் சேர்ந்தபின் பாய் கூப்பிட்டார். "அவங்கம்மா ஜாடை அண்ணே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். உன்னிடம் சொன்னபோது நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாய்.

அந்தத் திருத்தத்தை, அதே கெர்னல் ஓடுகிற கம்ப்யூட்டருக்கெல்லாம் போகும்படி உலகத்துக்கே அனுப்பினாய். குறையை முதலில் சொன்னவர் பெயரைப் போடுவது கெர்னல் எழுதுகிற உங்கள் ஆட்களின் வழக்கமாம். "பாய் பேர்தானே போட்டே?" என்றேன். "அவரு உங்ககிட்ட சொன்னாரு, நீங்க எங்கிட்ட சொன்னீங்க மாமா" என்று திரையைத் திருப்பிக் காட்டினாய். இனிஷியலோடு என் பெயர்.

அப்புறம் காய்ச்சல் என்று படுத்தாய். எழவில்லை.

"உலகத்துக் கம்ப்யூட்டருக்கெல்லாம் போன திருத்தத்துல எம்பேரு இருக்குது" என்று டீக்கடையில் சொன்னால், "தெரியும்ணே, நீங்க ஏரோப்ளேன் ஓட்டினதையும் கேட்டுட்டோம்" என்கிறார் மாஸ்டர். அவர்மேல் தப்பில்லை. ஆமா என்று சொல்ல நீதான் பக்கத்தில் இல்லை.

மேலே குறை சொன்னவன் என்று என் பெயர், கீழே திருத்தியவன் என்று உன் பெயர். எதையும் நாலு மடங்கு ஊதிச் சொல்கிற நான், மாப்பிள்ளை, இந்த ஒன்றை மட்டும் ஒரு சொல்லும் கூட்டாமல் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.