அத்தர் பூசாத பெருநாள்

நானா,

ஆஸ்பத்திரியில் என் மண்டைக்குள்ளே எடுத்த படங்களை ஓர் உறையில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம் பேச வாய் கூசுகிறது. எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள்.

ஒற்றைத் தலைவலி எப்படிக் கிளம்புகிறது என்று பார்க்க, வலியில்லாத நாட்களிலும் கூப்பிட்டு ஒரு பெரிய குழாய்க்குள் படுக்கவைத்தார்கள். கெலிஓயாவிலிருந்து பஸ் ஏறிப் போய்ப் படுத்தேன். எதனால் வருகிறது என்று டாக்டரம்மா கேட்டார். யோசிக்காமல் அத்தர் வாசம் என்றேன்.

உங்கள் கடையில் நான் வேலைக்கு நின்று மிளகு புடைத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை. தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலிருந்து அத்தர் மணக்க வந்தீர்கள். தராசின் மேலேயே வாந்தி எடுத்தேன். வாடிக்கையாளர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, உங்கள் நாற்றத்தால்தான் என்று கத்தினேன். சம்பளம் தருகிறவரை அப்படிச் சொன்னேன். நீங்கள் குழாயடியில் கைகளைத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து சிரித்தீர்கள்.

"கராம்பும் ஏலமும் ஒன்னும் செய்யல்ல. என்ட அத்தர்ல மட்டும் என்னடா ஈக்குது?"

அதற்குப் பிறகு நீங்கள் பூசவேயில்லை. பெருநாள் தொழுகைக்கும் வெறும் சட்டையோடு போனீர்கள். அதை எனக்குச் செய்யவேண்டிய மரியாதை போல எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் மௌத்தான அன்று, உடலுக்குக் கபன் துணி போர்த்துகிற நேரம், உங்கள் மகன் அத்தர் போத்தலைத் திறக்காமல் என்னைப் பார்த்தான். "மாமா, கொஞ்சம் வெளிய நில்லுங்க. வாப்பாக்கு அத்தர் பூசோணும்." நான் ரோட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தோளில் தூக்கிவிட்டார்கள். உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

போன மாதம் வலியே இல்லாமல்தான் குழாய்க்குள் போனேன். ஆனால் படமெடுத்த பிள்ளையின் சவர்க்கார வாசம் குமட்டியது; அவளையும் ஏசினேன். பின்னேரம் தலை பிளந்தது. டாக்டரம்மா படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்.

"பாருங்க ஐயா, வலி வர முந்தியே உள்ளுக்கு இந்த இடம் முழிச்சிட்டுது. அதுக்குப் பிறகுதான் வாசம் உங்களுக்குத் தாங்க முடியாமப் போகுது. வாசம் வலியைக் கொண்டு வரல்ல."

எல்லாருக்கும் இப்படியென்று சொல்ல முடியாது, என் படங்களில் அப்படித்தான் தெரிகிறது என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீங்கள் போன பிறகும் தலைவலி நிற்கவில்லையே, நானா. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

இந்தப் பெருநாளுக்கு உங்கள் வீட்டுக்குப் போனேன். உங்கள் மகனும் பூசியிருக்கவில்லை; நான் வருவேன் என்று. எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அலுமாரியைத் திறந்து, உங்களுக்குப் பூசி மீந்த போத்தலை எடுத்து, என் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தான்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கையை மூக்கருகிலேயே வைத்திருந்தேன். தலை வலிக்கவில்லை. வலித்திருந்தால், அன்று கத்தியதில் கொஞ்சமாவது நியாயம் இருந்தது என்று உங்கள் முகத்தை நினைக்கத் தைரியம் வந்திருக்கும்.