அடி இல்லாத பானை

வெள்ளி, 5 மே 1961. ஸ்ரீரங்கம்

கத்திரி. காற்றே இல்லை. காவிரியில் மணல்தான், நடுவில் வாய்க்கால் மாதிரி கொஞ்சம் தண்ணீர். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில், எங்கள் பாயிலர் ஷாப்பில் ஒருவர் மயங்கி விழுந்தார். மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள். மறுபடி வேலை.

சாயங்காலம் மாமனார் வந்தார், மணப்பாறையிலிருந்து. கையில் முறுக்குப் பொட்டலம். பக்கத்துப் போர்ஷனிலிருந்து அக்கா காபி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை, கதவோரம் நின்றாள்.

"மாப்பிள்ளை, பதினஞ்சாந்தேதி திங்கக்கிழமை சிவகாமியும் அவ புருசனும் கோயமுத்தூருக்கே போயிடறாங்க. மில்லுல வீடு குடுத்துட்டாங்க. மல்லிகாவையும் கூட்டிட்டுப் போயி, தங்க புள்ளையாவே வளத்துக்கறோம்னு கேக்கறாங்க. அதுங்களுக்குன்னு ஒண்ணு இல்லை. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

சிவகாமி அண்ணி, என் மனைவி கோமதிக்கு மூத்தவள். கோமதி போய்ச் சேர்ந்ததிலிருந்து குழந்தை மல்லிகா அவளிடம்தான். ரெண்டரை வயது. நான் கடைசியாகப் போய்ப் பார்த்தது பொங்கலுக்கு.

சரி என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நியாயமான பேச்சு. நல்ல மனுஷர்கள். எனக்கு வருத்தமோ கோபமோ ஒன்றும் வரவில்லை. நாள் முழுக்க ரிவெட் அடித்த கை மாதிரி. இருக்கிறது, மரத்துக் கிடக்கிறது.

"பதினாலாந்தேதி ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து சொல்றேன் மாமா."

அவரை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால் அக்கா: "ஏண்டா, நான் செத்தா போயிட்டேன்? பக்கத்துலதானே இருக்கேன். என் ஒலையில அந்தப் புள்ளைக்கு ஒரு புடி அரிசி வேகாதா?"

பொட்டலத்தைப் பிரித்து ஒன்றைக் கடித்தேன். முறுக்கு நன்றாக இருந்தது.

ஞாயிறன்று ஷாப் கிளப் சார்பில் ஒரு நாள் டூர். குயவர் வீடுகள். என்னைக் கேட்காமலே, கூட வேலை பார்க்கும் மஜீத் என் பெயரைக் கொடுத்திருக்கிறான்.


ஞாயிறு, 7 மே

எங்கே ஆரம்பிக்க! மண் இன்னும் நகக்கண்ணில் இருக்கிறது.

காலையில் ஜங்ஷனிலிருந்து வேன். நாலைந்து ஜோடிகள், நான் மட்டும் தனி. வழி காட்ட அருளப்பன் சார், கான்வென்ட்டில் டிராயிங் வாத்தியார், வெள்ளைத் தொப்பி, கையில் குடை. மணப்பாறை ரோட்டில் வெகுதூரம் போய், கருவேலங்காட்டுக்குள் இறங்கும் மண்பாதை. ஒரே தெரு. அண்ணன் தம்பி மூன்று பேர் வீடு, மூன்றிலும் சக்கரம்.

அ. சார் வேனிலேயே எச்சரிக்கை: "நிழல்ல காயற எதையும் தொடாதீங்க. போன தடவை ஒரு ஹெட்கிளார்க் சட்டி மேல உக்காந்துட்டார்."

முதல் வீடு முத்து வேளார். என் வயதுதான் இருக்கும். அவர் மனைவி செல்லம்மாள். பேச்செல்லாம் அந்த அம்மாள். வேளார் சிரிப்பதோடு சரி.

சக்கரம். பெரிய வண்டிச்சக்கரம் அளவு, விளிம்பில் கனமாக மண் அப்பியிருக்கிறது. கோலைக் குழியில் விட்டு நாலு சுற்று சுற்றி எடுத்துவிட்டார். அப்புறம் யாரும் தொடவில்லை, அது பாட்டுக்குச் சுற்றுகிறது. எடை எல்லாம் விளிம்பில்! ஃப்ளைவீல்! நான் சத்தமாகவே கத்திவிட்டேன் போல.

மஜீத்: "பாயிலரை மறக்கட்டும்னு கூட்டிட்டு வந்தேன். இவன் இங்கயும் மெஷினைப் பாக்கறான்."

ஆண்களெல்லாம் ஆளுக்கு ஒரு பானை இழுத்துப் பார்க்க வேண்டும் என்று செல்லம்மாள் சொன்னாள். மஜீதின் பானை ஒரு பக்கம் சாய்ந்தது. அவன் பீபி: "அப்படியே உங்க மூக்கு." என் முறை. முதல் மண் பறந்து அ. சார் குடையில் அப்பியது. இரண்டாவது சரிந்தது. மூன்றாவது நின்றது! கட்டைவிரலுக்கும் விரல்களுக்கும் நடுவில் ஈரமாக மேலே ஏறி வருகிறது. பார்த்துக்கொண்டே இருந்தேன். வேறு எதுவும் ஞாபகம் இல்லை. எத்தனை மாதமாயிற்று, வேறு எதுவும் ஞாபகம் இல்லாமல் இருந்து.

வேளார் நூலால் அறுத்துத் தூக்கினார். கீழே பார்த்தால் ஓட்டை. அடியே இல்லை!

"ஐயோ, நான்தான் கெடுத்துட்டேன். அடி சக்கரத்துலயே தங்கிடுச்சு" என்று பதறினேன்.

வீடே சிரித்தது. செல்லம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர். "எந்தப் பானைக்கும் பொறக்கறப்ப அடி கெடையாதுங்க. கொஞ்சம் இறுகினப்புறம்தான் நாங்க தட்டி மூடுவோம்."

அப்படித்தானாம். பக்கச் சுவரைக் கீழே தடிமனாக விட்டுவிடுகிறார்கள். உள்ளே உருண்டைக் கல்லைக் கொடுத்து, வெளியே பலகையால் தட்டத் தட்ட, சுவர் மெலிந்து பரவி ஓட்டையை மூடிக்கொள்கிறது. ஒட்டு இல்லை, தையல் இல்லை. எங்கள் ஷாப்பில் பாயிலர் அடித்தகட்டுக்கு எத்தனை ரிவெட்! இது ஒரே தகடு!

இரண்டாவது வீட்டில் அய்யனார் குதிரை, என்னை விட உயரம். வயிற்றில் காற்றுப்போக்கி ஓட்டை. விடாவிட்டால் சூளையில் வெடிக்கும் என்றார்கள். சேஃப்டி வால்வ்! மஜீத் தலையில் அடித்துக்கொண்டான். மூன்றாவது வீட்டில் சாப்பாடு: எலுமிச்சை சாதம், மண்சட்டியில் மோர். மூன்று தம்ளர் குடித்தேன்.

மத்தியானம் மறுபடி வேளார் வீடு. வெயிலில் பானைகள் பதமாக இறுகியிருந்தன. செல்லம்மாள் பலகையும் கல்லும் எடுத்து வைத்தாள். "இப்ப வீட்டம்மாமாருங்க வாங்க. அவங்கவங்க புருசன் பானைக்கு அவங்கவங்கதான் அடி மூடணும்."

அது அங்கே வழக்கம். பெண்கள் சக்கரத்தைத் தொடமாட்டார்கள். ஆண்கள் பலகையைத் தொடமாட்டார்கள். இழுத்தவன் வீட்டுப் பெண்பிள்ளைதான் அடி மூட வேண்டும்.

மஜீதின் பீபி ஓங்கி அடித்தாள். "மெதுவாடி, அது நான் இல்லை!" ஒரே சிரிப்பு.

கடைசியில் என் பானை மட்டும்.

"உங்க வீட்டம்மா வரலீங்களா?"

"அவங்க போயிட்டாங்க. போன வருசம்."

சிரிப்பெல்லாம் நின்றது. எனக்கு அது பழக்கம். செல்லம்மாள் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, "நான் மூடித் தரேங்க" என்றாள். என்னவோ, வேண்டாம் என்றேன். நானே தட்டலாமா என்று கேட்டேன்.

"ஆம்பளை பலகையைத் தொட்டா சூளை கெடும்பாங்க. உங்க வீட்டுல வேற பொம்பளைப் புள்ளை யாரும் இல்லையா?"

"மக இருக்கா. ரெண்டரை வயசு."

"அது போதுமே! எங்க மூத்தவ அந்த வயசுலதான் பலகை புடிச்சா. கூட்டிட்டு வாங்க. ஈரச்சாக்கு சுத்தி வைக்கறேன். அடுத்த ஞாயிறு வரைக்கும் தாங்கும். அதுக்கு மேல காஞ்சு போயிடும். காஞ்சா அடி மூடாது."

வேனில் எல்லோரும் தூங்கினார்கள். நான் விழித்துக்கொண்டே வந்தேன்.


திங்கள், 8 மே

ஷாப்பில் கவனமே இல்லை. ரிவெட் அடிக்கையில் ஒருவன் உள்ளே இருந்து தாங்கிப் பிடிக்கிறான், ஒருவன் வெளியே அடிக்கிறான். பானையும் அதேதான். அப்ரென்டிஸாக நான் முதலில் செய்த வேலை, உள்ளே உட்கார்ந்து தாங்கிப் பிடிப்பது.

அக்காவிடம் சும்மா கேட்டேன், ரெண்டரை வயசுக் குழந்தை என்ன சாப்பிடும் என்று. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை.


வியாழன், 11 மே

புழுக்கம். வியர்க்குரு.

கூட்டிவந்தால்: காலையில் அக்கா பார்ப்பாள். ராத்திரி ஷிஃப்ட் வேண்டாம் என்று ஃபோர்மேனைக் கேட்கணும். கொல்லைக் கிணற்றுக்கு மூடி. கோமதியின் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்தக் கொசுவலையை எடுக்கணும்.

விட்டுவிட்டால்: கோயமுத்தூரில் அம்மா, அப்பா இரண்டும் இருக்கும். நல்ல தண்ணி. என்னிடம் என்ன இருக்கிறது?

பானை காய்ந்திருக்குமோ என்று பயம். இந்த வெயிலில் சாக்கு எத்தனை நேரம் ஈரமாக இருக்கும்!


சனி, 13 மே

பெட்டியைத் திறந்தேன். கொசுவலை இருந்தது. மூடிவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. வலையை வெயிலில் போட்டேன்.


ஞாயிறு, 14 மே

முதல் பஸ். மணப்பாறையில் மாமனார் வீட்டுக் கூடம் முழுக்க மூட்டை கட்டியிருந்தது. சிவகாமி அண்ணி கயிறு இறுக்கிக்கொண்டிருந்தாள். குழந்தை அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"யாரு வந்திருக்கா பாரு மல்லி."

"மாமா."

மச்சினன் பிள்ளைகள் என்னை மாமா என்பார்கள். அதைக் கேட்டுப் பழகியிருக்கிறாள். யாரும் திருத்தவில்லை. நானும்.

மாமனார் பதிலுக்குக் காத்திருந்தார். ஒரு இடத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போய்விட்டு வந்து சொல்கிறேன் என்றேன். என்னோடு வரமாட்டேன் என்று ஒரே அழுகை. அண்ணி எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். "வாங்க தம்பி. நானும் வரேன். எங்கன்னுதான் சொல்லுங்களேன்." பானைக்கு அடி மூட என்றேன். வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்று பார்த்தாள்.

செல்லம்மாள் சாக்கைப் பிரித்தாள். விரலால் அழுத்தினாள். "பதமா இருக்கு. எங்க வீட்டுல எல்லாரும் வேற வேலை விட்டுட்டு இதுக்குத்தான் தண்ணி தெளிச்சோம்."

மல்லிகா கையில் சின்னப் பலகை. இன்னொரு கையில் கல்லைப் பிடிக்கத் தெம்பு இல்லை, கீழே போட்டாள். செல்லம்மாள் அண்ணியைப் பார்த்து, "அம்மா வந்து கல்லைப் புடிங்க" என்றாள்.

"நான் பெரியம்மா" என்றாள் அண்ணி. நகரவில்லை.

அப்போதுதான் கேட்டேன்: "பலகைதானே நான் தொடக்கூடாது? கல்லு?"

செல்லம்மாள் வேளாரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "கல்லைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லி வைக்கலையே."

கல்லை விரலிடுக்கில் பிடித்து, பானை வாய்க்குள் கையை நுழைத்தேன். தாங்கிப் பிடித்தேன், பழைய வேலை. "தட்டு" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். தட்டினாள். சும்மா தொட்ட மாதிரி. இன்னொன்று. அப்புறம் அவளுக்குப் பிடித்துவிட்டது, படபடவென்று! சுவர் வழியாக ஒவ்வொரு அடியும் உள்ளங்கையில் விழுந்தது. ஒரு அடி கல்லை விட்டு விலகி, மூடாத ஓட்டை வழியாக என் விரல் முட்டியில். வலித்தது. நன்றாக வலித்தது. இன்னும் தட்டு என்றேன்.

மூடிவிட்டது! அடி கோணல், ஒரு பக்கம் பள்ளம். ஆனால் மூடிவிட்டது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கையை எடுக்கப் போனால் வரவில்லை. கல்லை இறுகப் பிடித்த கை பானை வாயில் மாட்டிக்கொண்டது.

"மாமா கை பானைக்குள்ள!" என்று கத்திச் சிரித்தாள். விழுந்து விழுந்து. அவள் சிரித்து இதுவரை நான் கேட்டதில்லை. கீழ்வரிசைப் பல் கோமதிக்கு மாதிரி ஒன்றன் மேல் ஒன்று.

செல்லம்மாள் கல்லை விடச் சொன்னாள். விட்டேன், கை வந்தது. "வைகாசி கடைசியில சூளை. வந்து வாங்கிக்கங்க. சேந்து வரணும்."

பஸ்ஸுக்குப் புளியமரத்தடியில் நின்றோம். குழந்தை அண்ணி தோளில் தூங்கிப்போயிருந்தாள்.

"கூட்டிட்டுத்தானே போகப் போறீங்க தம்பி?"

"ஆமாங்க அண்ணி."

குழந்தையின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள். "அந்தக் கல்லை நான் வாங்கியிருக்கணும்" என்றாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பால்ல சர்க்கரை கம்மியா போடுங்க. லீவுக்கு எங்கிட்ட அனுப்பணும், ஏமாத்தக்கூடாது. தூங்கறப்ப காதைப் புடிச்சுக்குவா. உங்க காதைக் குடுங்க" என்றாள்.

தூங்குகிறவளை என் தோளுக்கு மாற்றினாள். கனம்.


செவ்வாய், 16 மே

விடியற்காலையில் நாலு தூறல். மண் வாசனை. பானைக்கு ஒன்றும் ஆகியிருக்காது, கூரைக்குள்தான் இருக்கிறது.

நேற்று லீவு. இன்று டியூட்டி. ஃபோர்மேனைக் கேட்கணும். கிணற்று மூடிக்கு ஆசாரி வரணும். அக்கா ராகி வறுக்கிறாள், தெருவே மணக்கிறது.

நேற்று பூராவும் பெரியம்மா எங்கே, பெரியம்மா எங்கே. கொசுவலைக்குள் அழுதாள். அழுதுகொண்டே காதைப் பிடித்தாள். திருகுகிறாள். இடது காது சிவந்து வீங்கியிருக்கிறது. ஷாப்பில் மஜீத் என்ன சொல்லப்போகிறானோ.

எழுந்துவிட்டாள். வாசல்படியில் நின்று என்னையே பார்க்கிறாள். இன்னும் அழவில்லை.

"மாமா, தண்ணி."

வந்தேன்.