நின்றுகொண்டே ஓடிய மொபெட்

போன வாரம் என் மகன் ஃபோனில் ஒரு படம் காட்டினான். எங்கள் வாசலில் நிற்கும் காரை எடுத்திருந்தான். ஒரு பட்டனைத் தொட்டதும் பின்னாலிருந்த காம்பவுண்டுச் சுவரும் முருங்கை மரமும் கோடு கோடாக இழுபட, கார் பறப்பதுபோல் ஆகிவிட்டது. "எப்படி இருக்கு?" என்றான். நன்றாக இருக்கிறது என்றேன். நீ இறந்துபோய் ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதைப் பார்த்தாவது எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்து போய்க் குக்கரை இறக்கினேன்.

உன் தம்பி செய்தி சொன்னபோதும் இப்படித்தான். "அப்படியா" என்று மட்டும் கேட்டேன். உன் வீட்டுக்கு வந்தேன், கூடத்தில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள், யாரோ காபி கொடுத்தார்கள், குடித்தேன். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அன்றிலிருந்து பழசையெல்லாம் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தி.நகரில் பாத்திரக் கடைக்கு மேலே நாம் வேலை பார்த்த அந்த மாடி அறை. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு, விளம்பர நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் செய்து தருவோம். நான் படங்களை ஸ்கேன் செய்து எழுத்து கோப்பேன். நீ ப்ரோகிராம் எழுதுவாய். சாஃப்ட்வேர் வாங்க நம் முதலாளிக்கு மனசு வராது. அதனால் படத்தில் என்ன வித்தை காட்ட வேண்டுமென்றாலும் உன் தலையில்தான் விழும். உனக்கும் அது பிடித்திருந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால்தான் உனக்கு வாயே திறக்கும்.

அசோக் நகரில் மொபெட் விற்கிறவர் ஒருவர் வந்தார். மாடலுக்குச் செலவழிக்க அவருக்கு இஷ்டமில்லை. உன்னையே அவர் கடை வாசலில் ஒரு மொபெட்டில் உட்கார வைத்துப் படம் எடுத்தார்கள். உனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. உன் அப்பா தொடவே விட்டதில்லை. படத்தைத் திரையில் பார்த்த கடைக்காரர் முகத்தைச் சுளித்தார்.

"இன்னாம்மா, வண்டி சும்மா நின்னுகினு கீது? பறக்கணும்மா!"

பறக்க வைக்கலாம் என்றாய். ஒவ்வொரு புள்ளிக்கும், அதன் வரிசையில் பக்கத்திலிருக்கும் புள்ளிகளின் நிறத்தையெல்லாம் கூட்டிச் சராசரி போட்டால் படம் ஓடுவதுபோல் கலங்கும் என்று எனக்குச் சொன்னாய். ப்ரோகிராமை முதல் தடவை ஓட்டியபோது கடைச் சுவரின் மஞ்சள், ஈரக் கோலத்தில் புடவைத் தலைப்பு பட்டதுபோல, படத்தின் ஓரம்வரை இழுத்துக்கொண்டு போனது. நீ தலையில் அடித்துக்கொண்டாய். "மாத்தின புள்ளியையே திரும்பப் படிக்குதுடி. பழைய படத்தைத் தனியா வெச்சிருக்கணும்."

அதைச் சரி செய்தாய். இப்போது நீயும் சேர்ந்து கலங்கிப் போயிருந்தாய். மூக்கே இல்லை. நான் சிரித்த சிரிப்பில் முதலாளி எட்டிப் பார்த்தார். "நாம வண்டிகூடவே ஓடுறோம்னு வெச்சுக்கோ, அப்ப கலங்குறது தெருதான்" என்றாய். உன்னையும் வண்டியையும் சுற்றி மவுசால் நான் கோடு இழுத்தேன். கோட்டுக்கு வெளியே இருந்ததை மட்டும் நீ கலங்கடித்தாய். சக்கரங்களை வட்டமாகச் சுழலவிட்டாய். நாம் சாப்பிட்டு டப்பா கழுவி வரும்வரை மெஷின் மென்றுகொண்டிருந்தது. வந்து பார்த்தால் நீ பறந்துகொண்டிருந்தாய்.

நோட்டீஸை மேற்கு மாம்பலம் முழுக்கப் பேப்பரோடு மடித்துப் போட்டார்கள். மறுநாள் நீ வேலைக்கு வரவில்லை. சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தேன். மேஜைமேல் அந்த நோட்டீஸ். உன் அப்பாவின் குரல் நடுங்கியது.

"வேலைக்குப் போறேன்னு சொல்லிட்டு ரோடு ரோடா வண்டி ஓட்டிக்கிட்டிருக்கா. எவ்வளவு வேகம் பாரும்மா! இனிமே வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

நீ சமையலறை வாசலில் நின்றாய். வாயைத் திறக்கவில்லை. பயத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்தேன். வேலை போனால் நீ என்ன ஆவாய் என்று எனக்குப் பகீரென்றது. நோட்டீஸைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் அது என் கண்ணில் பட்டது. நம் இரண்டு பேருக்கும், முதலாளிக்கும், கடைக்காரருக்கும் தெரியாமல் போனது.

"அங்கிள், பின்சக்கரத்துக்குக் கீழ பாருங்க. வண்டி ஸ்டாண்டு போட்டு நிக்குது."

அதுவும் வண்டியில் ஒரு பாகம்தானே என்று அதைச் சுற்றியும் கோடு இழுத்திருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு சோபாவில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "நாளைக்கு வேலைக்குப் போம்மா" என்றார் உன்னிடம்.

பஸ் ஸ்டாப்வரை கூட வந்தாய். "நல்லவேளை சொன்னே" என்பாய் என்று எதிர்பார்த்தேன்.

"நீ சொல்லலைன்னா வேலை போயிருக்கும். சரிதான்" என்றாய். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "ஆனா நேத்துலேர்ந்து அப்பா என்னை வண்டி ஓட்டுற பொண்ணாப் பாத்தாருடி. திட்டுறப்பகூட கொஞ்சம் பயந்தாரு. நல்லா இருந்துச்சு" என்றாய்.

கடைசிவரை நீ வண்டி ஓட்டக் கற்கவில்லையாம், உன் தம்பி சொன்னான். நீ இறந்த அன்று கூடத்தில் எல்லோரும் உன்னைப் பற்றி ஒரே மாதிரிதான் பேசினார்கள். ரொம்ப அமைதி, பயந்த சுபாவம், யார் பேச்சையும் தட்டமாட்டாள். நான் காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். பஸ் ஸ்டாப்பில் உன் முகத்தில் இருந்த பெருமையை அங்கே யாரும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை இன்னும் வரவில்லை. அந்தப் பெருமை மட்டும் என்னிடம் இருக்கிறது, அதை யாரிடம் கொடுப்பதென்று தெரியவில்லை.