எந்த ஊர் இங்கிலீஷ் வேண்டும்

ஜூன் 8, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. கடல் காற்று மூணு மணிக்கு மேல்தான்.

காலைப் பூசையில் முதல் ஓலை. எங்கள் மகள் ஜெனியின் கல்யாண அறிவிப்பை ஃபாதர் வாசித்ததும் ரீட்டா என்னைப் பார்த்தாள். என்ன கேட்கிறாள் என்று தெரியும். சிதம்பரத்திலிருந்து அவள் அண்ணன் வருவாரா மாட்டாரா.

மச்சான் காலேஜில் இங்கிலீஷ் வாத்தியார். குடும்ப குரூப்பில் நான் எழுதியதைப் படம் எடுத்து, தப்புக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டுத் திரும்பப் போட்டாரே, அதிலிருந்து பேச்சு இல்லை. போக்குவரத்தும் இல்லை. படகு இன்ஜின் சாமான் விற்கிறவனுக்கு மானம் இருக்கக் கூடாதா?

இன்று நானே இறங்கி வந்தேன். போனில் எழுதிக் கொடுக்கிற ஏஐ இருக்கிறதாம். எந்த ஊர் இங்கிலீஷ், அமெரிக்காவா பிரிட்டிஷா என்று ஜெனி கேட்டாள். பிரிட்டிஷேதான். அமெரிக்க ஸ்பெல்லிங் என்றால் மச்சானுக்கு வேப்பங்காய். தேதி, கோவில், வரவும். இவ்வளவுதான் கொடுத்தேன். அது ஒரு பத்தி ஆக்கியது. ஒரு தப்பு இல்லை. அனுப்பியாச்சு. கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

ஜூன் 9, திங்கள்

ஆயில் லோடு லேட். கடைப் பூட்டுக்கு எண்ணெய் விட்டேன்.

மச்சான் பதில். அதுவும் வழுவழு இங்கிலீஷ். அழைப்புக்கு நன்றியாம். வேலைகள் இடம் கொடுத்தால் கலந்துகொள்ள முயல்வாராம். ஸ்பெல்லிங் முழுக்க அமெரிக்கா! மாமாவும் ஏஐயில்தான் எழுதியிருக்கிறார், செட்டிங் மாற்றத் தெரியவில்லை என்று ஜெனி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும்.

ரீட்டா சிரிக்கவில்லை. "ரெண்டு போனும் நல்லாத்தான் பேசிக்குதுங்க. நீங்க ரெண்டு பேரும் எப்பதான் பேசுவீங்க?"

சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

பத்திரிகை புரூஃப் வந்தது. வரவேற்போர் வரிசையில் எங்கள் பெயர் மட்டும். தாய்மாமன் இடம் காலி. நாளைக்குள் முடிவு சொல்லச் சொல்கிறான் பிரஸ்காரன்.

மச்சானுக்கு அனுப்பியதைத் தமிழில் சொல்லு என்றேன் ஜெனியிடம். "தங்களுக்கு நேரம் அமைந்தால் வருகை தந்து எங்களைப் பெருமைப்படுத்தவும்."

தூக்கிவாரிப் போட்டது. தாய்மாமனை இப்படியா கூப்பிடுவது? ஊரை அழைக்க வேண்டியவரே அவர்தானே. பாங்க் மேனேஜருக்கு எழுதுவது போல எழுதி அனுப்பியிருக்கிறேன். ஸ்பெல்லிங்கை மட்டும் பார்த்த முட்டாள் நான். போனைத் திட்டி என்ன பிரயோஜனம். எந்த ஊர் இங்கிலீஷ் என்று கேட்டது, மச்சான் எனக்கு யார் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

நாளை: கடை லீவு. புரூஃப். வெற்றிலை பாக்கு. பலாப்பழம் (ரீட்டா வாங்கி வைத்தது).

ஜூன் 11, புதன்

சிதம்பரம் பஸ். உட்கார இடம் இல்லை. புவனகிரி வரை நின்றுகொண்டே என்ன பேசுவது என்று ஒத்திகை. கதவு திறந்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

மச்சான் இளைத்திருக்கிறார். தண்ணி கொடுத்தார். தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"என்னையே விருந்தாளியாக் கூப்பிட்டுட்டீங்களே மாப்ள. அதைப் படிச்சிட்டுக் காலேஜுக்கே போவல."

"தப்பு வந்துட்டா நீங்க வட்டம் போடுவீங்கன்னு பயம் மச்சான். அதான் போன்கிட்ட குடுத்தேன்."

அன்றைக்கு விளையாட்டாகத்தான் வட்டம் போட்டாராம், நான் கோபித்துக்கொண்டதும் எப்படிச் சமாதானம் சொல்வது என்று தெரியவில்லையாம். இத்தனை படித்தவருக்கு. பாவமாக இருந்தது.

புரூஃபைக் கேட்டார். சட்டைப் பையிலிருந்து அதே சிவப்புப் பேனா. எங்கள் பெயருக்குக் கீழே காலி இடத்தில் ஒரு வட்டம் போட்டார். அதற்குள் தாய்மாமன் என்று எழுதித் தன் பெயரைப் போட்டார். அப்புறம் தட்டை வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் ரீட்டாவிடம் காட்டினேன். வட்டத்தைத் தடவிப் பார்த்து அழுதாள். எனக்கும் வந்துவிட்டது.

பலாப்பழம் சமையல்கட்டிலேயே இருக்கிறது. எடுத்துப் போக மறந்திருக்கிறேன். ரீட்டா அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னாள். சனிக்கிழமை வருகிறாராம், அதுவரை வெட்ட வேண்டாமாம்.