வேகாத மொச்சையும் ரெஜினா அக்காவும்

அன்புள்ள ரெஜினா அக்காவுக்கு,

அன்புள்ள என்று எழுதியிருக்கிறேனே தவிர, இந்த நிமிஷம் உங்கள் மேல் எனக்குக் கொலைவெறியே வருகிறது. நீங்கள் நேரில் இருந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பேன். இறந்துபோனவரிடம் அந்த வித்தையைக் காட்டி என்ன பிரயோஜனம்? அதனால்தான் எழுதுகிறேன்.

எல்லாம் உங்கள் மொச்சையால் வந்தது. இதைப் படிக்கிறவர்களுக்கு உங்களைத் தெரியாது என்பதால் அவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நீங்கள் என் வீட்டுக்காரர் சேவியரின் அக்கா. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் எங்களோடு இருந்தவர். துறைமுகத்துக்குப் பக்கத்தில், கப்பல்காரர்கள் தங்கும் விடுதியில் சமையல் வேலை. அங்கே வரும் வெளிநாட்டு மாலுமிகள் தக்காளிச் சாறில் ஊறிய பீன்ஸை டின்னோடு கேட்பார்கள். ஒருநாள் டின் தீர்ந்துபோக, நீங்கள் காலி டப்பாவில் ஒட்டியிருந்ததை விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மொச்சைக்கொட்டையில் அதையே செய்து கொடுத்துவிட்டீர்கள். தக்காளி, சின்ன வெங்காயம், கடுகு அரைத்தது, கருப்பட்டி, கொழுப்போடு இரண்டு துண்டு பன்றிக்கறி. அதுதான் எங்கள் வீட்டின் முதல் ஞாயிற்றுக்கிழமைத் தொட்டுக்கையாக ஆனது.

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் ரொட்டியெல்லாம் எடுத்து முடித்த பிறகு, பேக்கரி பாயின் விறகு அடுப்பில் சூடு மட்டும் மிச்சம் இருக்கும். முதல் பூசைக்குப் போகும் வழியில், மைதா பிசைந்து மூடியை ஒட்டிய மண்சட்டியை நீங்கள் அதற்குள் தள்ளிவிட்டுப் போவீர்கள். மதியம் ஒரு மணிக்கு எடுத்தால் மொச்சை உடையாமல், ஆனால் நாக்கில் பட்டதும் கரைகிற மாதிரி இருக்கும். உங்கள் தம்பி அன்றைக்கு மட்டும் மூன்று தட்டு சோறு சாப்பிடுவார். வேலையில் என்ன தகராறு நடந்திருந்தாலும் அந்தச் சாப்பாட்டோடு அவர் கோபம் இறங்கிவிடும்.

உங்கள் முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு வீட்டில் சாப்பாடு என்று முடிவானபோது, "அக்கா மொச்சை இல்லாம இன்னா சாப்பாடு?" என்று ஆரம்பித்தவர் அவர்தான். சொல்வதோடு நிற்கவில்லை. ராயபுரத்தில் இருக்கும் சித்தப்பா குடும்பம், அவருடைய ஒர்க்‌ஷாப் ஆட்கள், உங்கள் விடுதிக்காரர்கள் என்று எல்லோருக்கும் போன் போட்டு, "அக்கா மொச்சை கீது, வந்துடுங்க" என்று சொல்லிவிட்டார். செய்யப் போகிறவள் நான். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு அது தெரியாது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? ஒரே வீட்டில் இருபத்தைந்து வருஷம் இருந்தும் தெரியாது. நீங்கள்தான் என்னைக் கிட்டே விடவில்லையே.

ஆரம்பத்தில் விட்டீர்கள். கல்யாணமாகி வந்த புதிதில் வெங்காயம் உரித்ததும், வெள்ளிக்கிழமையே மொச்சையை ஊறப்போட்டதும் நான்தான். பிறகு ஒரு கட்டத்தில் திடீரென்று எல்லாம் நின்றுபோனது. சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது, விடுதியிலிருந்தே ஊறி, அரை வேக்காடு வெந்த மொச்சையை அதன் தண்ணீரோடு தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வர ஆரம்பித்தீர்கள். நான் தொடுவதற்கு அதில் ஒன்றும் மிச்சமிருக்காது. ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் இல்லை.

ஏனென்றால் அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அந்தச் சண்டை. எதற்காக ஆரம்பித்தது என்பதுகூட இப்போது நினைவில்லை, துணி காயப்போடும் கொடியைப் பற்றி என்று நினைக்கிறேன். கோபத்தில் உங்களைப் பார்த்து, "இது என் வூடு" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் மாடிக்குப் போய்விட்டீர்கள். அடுத்த மாதத்திலிருந்து தூக்குச்சட்டி. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் எப்படி இருப்பேன், சொல்லுங்கள். என் அடுப்பையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். பதினெட்டு வருஷம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் சிரித்தோம், பேசினோம், என் மகன் ஜெரோமின் பள்ளிக்கூட விழாவுக்குச் சேர்ந்து போனோம். ஆனால் முதல் சனிக்கிழமை அந்தத் தூக்குச்சட்டி வாசலில் வரும்போதெல்லாம் எனக்கு உள்ளே சுருக்கென்று இருக்கும்.

ஆகவே மொச்சை எனக்கு வெறும் மொச்சை இல்லை. அதை நான் சரியாகச் செய்துவிட்டால், அந்த ஒரு வார்த்தையை நீங்கள் மன்னித்த மாதிரி எனக்குள் ஒரு கணக்கு. பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அப்படித்தான் இருந்தது.

பூசைக்கு ஒரு மாதம் முன்பே செய்து பார்க்க ஆரம்பித்தேன். முதல் தடவை மொச்சை வெள்ளிக்கிழமை ஊறியது, சனிக்கிழமை ஒரு மணி நேரம் கொதித்தது, ஞாயிறு அடுப்புக்குப் போனது. மதியம் சட்டியைத் திறந்தால் குழம்பு வற்றி மணக்கிறது, மொச்சை மட்டும் போட்ட மாதிரியே இருக்கிறது. பேக்கரி பாய் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா, கோலிகுண்டா போட்டு எடுத்தாந்தே?" என்றார். உங்கள் தம்பி தட்டில் வாங்கி, ஒவ்வொன்றாக ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, "அக்கா செஞ்சா மாதிரி இல்ல ஃபிலோ" என்றார். இல்லை என்பது எனக்குத் தெரியாதா?

கடைக்காரன் பழைய சரக்கைத் தள்ளிவிட்டான் என்று அவனோடு சண்டை போட்டுவிட்டு, வேறு கடையில் புது மொச்சை வாங்கினேன். அதுவும் வேகவில்லை. ஆப்ப சோடா போட்டேன். தோல் கழன்று போய், சோப்பைக் கடித்த மாதிரி இருந்தது. குக்கரில் எத்தனை விசில் விட்டேன் என்று எனக்கே தெரியாது, பக்கத்து வீட்டுக்காரி வந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மேலே குழைந்தது, உள்ளே கடுக்கென்று நின்றது. உங்கள் தம்பி ஒவ்வொரு தடவையும் அதே பாட்டு. "அது அக்கா கைப்பக்குவம் ஃபிலோ, அது வராது." ஒருநாள் கரண்டியை அவர் கையில் கொடுத்து, "உங்க அக்கா ரத்தம்தானே, நீங்களே செய்யுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் அறையில்தான். நீங்கள் மட்டும் அங்கே இருந்திருந்தால் அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

பூசை நாளும் வந்தது. கோயிலில் உங்கள் பெயரைச் சாமியார் வாசித்தபோது நான் உங்களுக்காக ஜெபிக்கவில்லை அக்கா. சட்டி வெந்திருக்க வேண்டும் என்றுதான் ஜெபித்தேன். கடவுள் அதைக் காதில் வாங்கவில்லை.

நாற்பது பேர் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார்கள். மொச்சையை வைத்துக்கொண்டே போகிறேன், பின்னால் கடுக், கடுக் என்று சத்தம் வருகிறது. சித்தப்பா பல்செட்டைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். சித்தி, "பரவால்ல, கொயம்பு நல்லா கீது" என்றார். அந்தப் பரவாயில்லைக்கு அவர் என்னை நாலு திட்டுத் திட்டியிருக்கலாம். உங்கள் தம்பி என் முகத்தைப் பார்க்கவேயில்லை. சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மொச்சைக்காக அழுகிற பொம்பளை உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அப்போதுதான் யசோதா உள்ளே வந்தார். உங்களோடு விடுதிச் சமையலறையில் வேலை பார்த்த, காசிமேட்டு யசோதா. கையில் தட்டு. ஒரு மொச்சையை விரலால் நசுக்கிப் பார்த்துக்கொண்டே, "எந்தத் தண்ணில ஊறப் போட்டே?" என்றார்.

"போர் தண்ணில. வேற எந்தத் தண்ணில போடுவாங்க?"

"அதான் வேவல. இந்த உப்புத் தண்ணில நாளெல்லாம் வெச்சாலும் வேவாது. ரெஜினா உன்னாண்ட சொல்லலியா?"

"இன்னாத்த சொல்லணும்?"

அவர் தட்டை மேடைமேல் வைத்தார். "மாசா மாசம் பையில மொச்சைய போட்டுக்கினு வரும். எங்க கிச்சன்ல ஊறப் போட்டு, அங்கியே அரை வேக்காடு வேக வெச்சு எடுத்துகினு போவும். இன்னாடி, உங்க வூட்ல அடுப்பு இல்லியான்னு நானே கேட்டுகீறேன். 'எங்க வூட்டு போர் தண்ணில மொச்சை வேவாது யசோ. தம்பி பொண்டாட்டி அந்தப் போர் போட எவ்ளோ பாடுபட்டுச்சு. தண்ணி சரியில்லன்னு நான் எப்டி சொல்லுவேன், அது மூஞ்சி சுண்டிப் பூடும்'னு சொல்லிச்சு."

நான் குழாயைத் திறந்து, அந்தத் தண்ணீரைக் கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

போர் போட்டது அந்தச் சண்டை நடந்த அதே மாதம். அது எனக்கு நினைவே வரவில்லை பாருங்கள். ஜெரோம் வயிற்றில் இருக்கும்போது லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்று, தள்ளுமுள்ளில் விழுந்து, மூன்று வாரம் படுத்துக் கிடந்தவள் நான். அவன் பள்ளிக்கூடம் போகிற வயது வரை உங்கள் தம்பியை நச்சரித்து, போர்வெல்காரர் வீட்டுக்கு நடையாய் நடந்து, தெருவிலேயே முதல் போர் எங்கள் வீட்டில் போட வைத்தேன். தண்ணீர் பீறிட்டு வந்த அன்றைக்குத் தெருவுக்கே சர்க்கரை கொடுத்தேன். அந்தத் தண்ணீரில் துவைத்தால் நுரை வராது, பருப்புக்கு ஆறு விசில் விடவேண்டும். எல்லார் வீட்டிலும் அப்படித்தான் என்று இருந்துவிட்டேன். குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்குகிறோம். கேன் தண்ணீரில் போய் யாராவது மொச்சை ஊறவைப்பார்களா? இந்தப் பக்கத்தில் எவளுக்கும் அப்படித் தோன்றாது.

ஆக, நீங்கள் என் அடுப்பை ஒதுக்கவில்லை. அந்த வார்த்தைக்காக இல்லை. என் தண்ணீரைக் குறை சொல்லக்கூடாது என்று, கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற அந்த ரோட்டில், கூட்டமான பஸ்ஸில், சூடான தூக்குச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு பதினெட்டு வருஷம் வந்திருக்கிறீர்கள்.

இதைக் கேட்டதும் நான் உருகிப் போயிருப்பேன் என்று நினைப்பீர்கள். இல்லை அக்கா. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. ஒரே ஒரு தடவை, "ஃபிலோ, இந்தத் தண்ணி சரியில்ல" என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்திருப்பேன். மூன்றாம் நாள் மொச்சைக்கு ஒரு கேன் தண்ணீரை ஊற்றியிருப்பேன். அவ்வளவுதான். அதற்குப் பதிலாக, நீங்கள் என்னை மன்னிக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டே இருக்க, நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். நல்ல மனசு என்று ஊரே சொல்கிறது. அந்த நல்ல மனசை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? ஆனால் நானும் வாயைத் திறந்து கேட்கவில்லையே. அதையும் யாரிடம் போய்ச் சொல்வேன்?

போன ஞாயிறு கேன் தண்ணீரில் செய்தேன். வெந்தது. அவ்வளவு லேசாக வெந்தது, எரிச்சலாக இருந்தது. பாய் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, கடை ரொட்டி ஒன்றைக் காசு வாங்காமல் கொடுத்தனுப்பினார். உங்கள் தம்பி மூன்று தட்டு சாப்பிட்டார். மூன்றாவது தட்டில், "அக்கா செஞ்சா மாதிரியே கீது" என்று சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்த வார்த்தைக்காகத்தான் அவ்வளவு மொச்சையை வீணாக்கினேன். வந்தபோது எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. அதைச் சொல்ல வேண்டிய நீங்கள் மேலே மாடியில் இல்லை, அவ்வளவுதான்.

ஜெரோமுக்கு அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஷிப்டு முடிந்து கரிப்பொடியோடு வந்து, "அத்தை இருந்தா சந்தோஷப்பட்டுக்கும்" என்கிறான். அவனுக்குப் பெண் பார்க்கிறோம். வருகிற மருமகளிடம் முதல் நாளே இந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்லிவிடுவேன். அவளும் என் சமையலில் எது பிடிக்கவில்லையோ அதை என் மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்கப் போகிறேன். இந்த வீட்டில் இனிமேல் ஒருத்தர் முகம் சுண்டும் என்று இன்னொருத்தர் வாயை மூடிக்கொண்டு சுமக்கக் கூடாது. இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு.

வாக்குக் கொடுத்துவிட்டதால் முதலில் நானே சொல்லிவிடுகிறேன். அக்கா, எனக்கு அந்த மொச்சை பிடிக்காது. தொட்டுக்கையில் போய் இனிப்பா என்று வந்த முதல் மாதமே இருந்தது. ஆசையாகத் தட்டில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பீர்கள். அதனால் இருபத்தைந்து வருஷம், ஒரு கொட்டை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அடுத்த மாதம் கருப்பட்டியைப் பாதியாகக் குறைக்கப் போகிறேன். உங்களுக்குக் கோபம் வந்தால் வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி பெண்டாட்டி
ஃபிலோமினா