அலுவலக நேரம் 9.30 – 6.00

6 மார்ச் 2006, திங்கள்

இன்று முதல் எனக்கு ஆபீஸ் கிடையாது. எல்லாத் தாள்களும் கம்ப்யூட்டரிலேயே போகிற காலத்தில் ராஜாஜி சாலையில் எதற்கு ஒரு மாடி என்று முதலாளி கருணாகரன் சார் மூடிவிட்டார். இருபத்துநான்கு வருடம் கப்பல் சரக்குப் பட்டியல் அடித்தவன், இனி ராயபுரத்தில் என் வீட்டுக் கூடத்தில் அடிக்க வேண்டும். தற்காலிகமா என்று கேட்டேன். “பர்மனென்ட், வால்டர்” என்றார், பதவி உயர்வு கொடுப்பதுபோல.

டெலிபோன் வயர் கூடம் வரைதான் வரும். அதனால் கம்ப்யூட்டரும் அங்கேதான். பழக்க தோஷம், எட்டரைக்கே ஷூவை மாட்டிவிட்டேன். என் மனைவி டெபோரா பார்த்துவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

9 மார்ச்

கீபோர்டெல்லாம் கரித்தூள். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கும் நாட்களில் இப்படித்தானாம். என் மனைவி ஒரு நாளைக்கு நான்கு முறை வீட்டைத் துடைக்கிறாள். இதே வீட்டில் இத்தனை வருடம் இருந்தவனுக்கு இது இன்றைக்குத்தான் தெரிகிறது.

14 மார்ச்

பதினொரு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் நான்கு பெண்கள் வந்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பச்சையம்மா, எதிர்வீட்டு ஃப்ளோரன்ஸ், காசிமேட்டில் மீன் விற்றுவிட்டுத் திரும்பும் இரண்டு பேர். அடுக்களையில் டீயும் பேச்சும் சிரிப்புமாக ஒரு மணி நேரம். தினமும் பேச அப்படி என்னதான் இருக்கிறது?

16 மார்ச்

மானம் போயிற்று. மும்பை ஏஜெண்ட் லைனில் இருக்கும்போது அடுக்களையில் ஒரே சிரிப்பு. மார்க்கெட்டிலிருந்து பேசுகிறீர்களா என்று கேட்டார். நான் எட்டிப் பார்த்து, ஆபீஸ் நேரம், கொஞ்சம் மெதுவாக என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

சாயங்காலம் ஒரு தாளில் ‘அலுவலக நேரம் 9.30 – 6.00’ என்று பெரிய எழுத்தில் அச்செடுத்து வாசல் கதவில் ஒட்டினேன். பார்க்க எடுப்பாக இருந்தது.

17 மார்ச்

ஒருவரும் வரவில்லை. மூன்று கப்பல் வேலை மதியத்துக்குள் முடிந்தது.

3 ஏப்ரல்

இந்த அமைதி ராஜாஜி சாலையில்கூடக் கிடைத்ததில்லை. துறைமுகத்துக்குப் போய்வரும் வேலையைப் பார்க்கும் கலீலுல்லாவிடம் போனில் பெருமையடித்தேன். “குட்த்து வச்சவன் மாமு நீ” என்றார்.

22 ஏப்ரல்

சோறு அடிப்பிடித்த வாசனை வந்து எழுந்து போனேன். டெபோரா அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளுக்குத் தெரியவில்லை. கேட்டால் “ஒன்னியும் இல்லீங்க.” மணி பதினொன்றேகால்.

21 மே, ஞாயிறு

டெபோரா பூசைக்கு வரவில்லை. தலைவலி என்றாள். தலை வாரிக்கொண்டு நான்கு நாளாகிறது.

எங்கள் மகன் சைமன் இறந்த வருடமும் இப்படித்தான் இருந்தாள். ஒன்பது வயசு. மூன்றே நாள் மூளைக்காய்ச்சல். அந்தப் பெயரை நான் எழுதியே எத்தனை வருடம் — இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மறுபடியும் அப்படியே ஆயிடுவாளா? பயமா கீது. யாராண்ட போய்க் கேக்கறது?

30 மே

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லையாம். அதுதான் எனக்கும் தெரியுமே.

5 ஜூன்

தண்ணீர் லாரிக்கு நான் குடம் எடுத்துப் போனேன். பச்சையம்மா வரிசையில் நின்றிருந்தாள். டெபோரா உன்னிடம் ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். குடத்தைக் கீழே வைத்தாள்.

“நீங்கதானண்ணே கதவுல சீட்டு ஒட்டினீங்க?”

அவள் குரலை உயர்த்தவில்லை.

“சைமனு போனப்போ அக்கா ஆறு மாசம் வாயத் தொறக்கல. புள்ள போன நேரம் பதினோரு மணி. அந்த நேரத்த அக்காவால தாங்க முடியாது. அதான் நாங்க தெனம் வந்து சும்மானா ஒக்காந்துகினு இருந்தோம். பேச்சு அப்பாலதான் வந்துச்சு. நீங்க ஆபீஸ்ல இருந்தீங்க.”

உண்மை. அடக்கம் முடிந்து நான்காம் நாளே ஆபீஸுக்குப் போனவன் நான். வருடா வருடம் அந்தத் தேதியில்கூட லீவு போட்டதில்லை. டெபோரா தானாகத் தேறிவிட்டாள், கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஓடி ஒளிய ஓர் ஆபீஸ் இருந்தது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு மணி நேரம். வீட்டுக்கு வந்து முதல் வேலையாக அதைப் பிடுங்கிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

6 ஜூன்

தாளைக் கிழித்துவிட்டேன். யாரும் வரவில்லை. ஆம்பளை நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது எப்படி வருவார்கள்?

18 ஜூன்

மொட்டைமாடி ஷெட்டைக் காலி செய்தேன். எலெக்ட்ரீஷியன் ஹென்றி மேலே வரை வயர் இழுத்துக் கொடுத்தான். இந்த வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே எவனாவது ஆபீஸ் போடுவானா என்று என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தான்.

சாயங்காலம் நான்கு வீட்டுக்கும் போனேன். மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. நாளையிலிருந்து நான் மாடியில் என்று மட்டும் சொன்னேன். ஃப்ளோரன்ஸ் தலை நிமிரவில்லை.

26 ஜூன்

அனல். ஷூவும் இல்லை, சட்டையும் இல்லை; பனியனோடு சரக்குப் பட்டியல். பதினொரு மணிக்குக் கீழே பச்சையம்மா குரல் மட்டும் கேட்டது.

11 ஜூலை

நான்கு பேரும் வந்துவிட்டார்கள். டெபோரா சிரித்தது மாடி வரை கேட்டது. மும்பை ஏஜெண்ட் லைனில் இருந்தார். கேட்கவில்லை, மறுபடி சொல்லுங்கள் என்றேன்.

9 நவம்பர், வியாழன்

இன்று லீவு என்று கருணாகரன் சாரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். உடம்பு சரியில்லையா என்றார். இல்லை, என் மகன் இறந்த நாள் என்றேன். இருபத்துநான்கு வருடத்தில் அவரிடம் முதல் தடவையாகச் சொன்னேன்.

டெபோராவோடு கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது பத்தரை. நான் மாடிப்படியில் கால் வைத்தேன். அவள் அடுக்களையில் டம்ளர்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஆறு இருந்தன.

“மேல இன்னா வேலை, லீவுதான?” என்றாள்.

பெண்கள் வந்தார்கள். என்னைப் பார்த்துத் தயங்கினார்கள். நான் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்துகொண்டேன். பச்சையம்மாதான் ஆரம்பித்தாள். சைமன் ஸ்கூல் விட்டு வரும் வழியில் அவள் வீட்டில் நுழைந்து, எங்கம்மா இன்னிக்கு சமைக்கவே இல்லை என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றி ஒரு தட்டு சோறு தின்றுவிட்டு இங்கே வந்து மறுபடியும் சாப்பிடுவானாம். ஒரு வருடம் ஏமாற்றியிருக்கிறான். எல்லோரும் சிரித்தார்கள், டெபோரா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

இத்தனை வருடமும் இவர்கள் பேச்சில் அவன் இந்த வீட்டில் தினமும் இருந்திருக்கிறான். அப்புறம் என்ன செய்தான் என்று கேட்டேன்.