பாதத்தில் ஒரு பேனாக் குறி

மார்ச் 4
ஐந்து மாதமாக நாற்காலியில்தான் தூக்கம். தொங்கப் போட்டால் இடது பாதம் அடங்குகிறது. நீட்டினால் வலியில் ஊரைக் கூட்டுகிறது. நேற்று மதியம் உட்கார்ந்தபடி கண்ணயர்ந்தேன். மனைவி அன்பு மேலிட்டு அந்தக் காலைத் தூக்கி இரண்டு தலையணைமேல் வைத்துவிட்டாள். என் அலறலில் பக்கத்து வீட்டார் வந்து விசாரித்தார்கள்.

மார்ச் 9
முதலில் பார்த்த இரண்டு டாக்டர்களும் காலை எடுத்துவிடலாம் என்றார்கள், கிருதாவை எடுக்கலாமா என்று கேட்கிற முடிதிருத்துநர் தொனியில். இன்று பார்த்தவர் ரத்தக்குழாய் சர்ஜன்.

"இடது காலுக்கு ரத்தம் போற குழாய் அடைச்சிருக்கு. உங்க இதயம் பெரிய ஆபரேஷனைத் தாங்காது சார். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வச்சு, வலது தொடையிலேர்ந்து இடது தொடைக்கு ஒரு குழாய் போடலாம். நோய் அப்படியேதான் இருக்கும். வலி போகும். காலும் தப்பலாம்."

"எத்தனை நாள் உழைக்கும்?"

"உங்களுக்கு வேணுங்கற வரைக்கும்."

வெளியே வந்ததும், "குழாய்க்கு என்னைவிட ஆயுசு கெட்டி" என்றேன்.

"வாயை மூடிட்டு வாங்க" என்றாள் மனைவி.

மார்ச் 17
நாளை அறுவை. ஒப்புதல் படிவத்தில் நான்கு எழுத்துப் பிழை. முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன், திருத்திக் கொடுத்துவிட்டேன். 'மரணம்' மட்டும் பிழையில்லாமல் இருந்தது.

மார்ச் 19
நேற்று, விழித்திருக்கும்போதே தைத்து முடித்தார்கள். பாதம் வெதுவெதுப்பாக இருக்கிறது. யாருடையதோ போல.

நர்ஸ் ஒரு சின்னக் கருவியைப் பாதத்தில் வைத்து நாடியின் சத்தத்தைத் தேடிப் பிடித்து, அந்த இடத்தில் பேனாவால் குறி போட்டிருந்தார். மணிக்கொரு தரம் அங்கே வைத்துக் கேட்பார். இன்று உடம்பு துடைத்துவிட்ட மனைவி, "என்ன அழுக்கு இது" என்று அதையும் சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டாள்.

நர்ஸ் வந்தார். கருவி அங்கே, இங்கே— சத்தமே இல்லை. "யாரும்மா அழிச்சது?"

மனைவி துடைத்த துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். நான் பாதத்தையே பார்த்தேன். போச்சா? அவ்வளவுதானா? இதுக்கா இவ்ளோ பாடு—

புஸ்... புஸ்... புஸ்.

"இருக்கு" என்றார் நர்ஸ்.

"குறியை நல்லா அழுத்திப் போடுங்க சிஸ்டர்" என்றாள் மனைவி. குரல் அவளுடையதாக இல்லை.

மார்ச் 27
வீடு. நீட்டிப் படுத்தேன். தூங்கினேன்.

ஏப்ரல் 12
காலையில் கட்டிலருகே இருந்த நாற்காலியைக் காணோம். சாப்பாட்டு மேசைக்கே திரும்பியிருந்தது. "ஏன் எடுத்தே?"

"யாரு உக்காந்து தூங்கப் போறா?"

வீட்டில் குறி தேவையில்லை என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினார். குளித்து வந்தேன். இவள் வழக்கம்போல என் பேனாவை எடுத்து வந்து, மங்கிய குறிமேலேயே இன்னொரு தரம் எழுதினாள்.